கும்பகோணத்துப் பிரமுகர்கள் பற்றிய புத்தகம்: வாங்கலாம், ஆனால் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்

போன தை மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். நூலகக் கூடத்துச் சுவரில் கருங்கல் பலகை ஒன்று பதிக்க வேண்டும், கும்பகோணத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாற்பது பேரை அதில் வெட்ட வேண்டும். பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் என்பதால் வேறு யாரையும் அவர்கள் தேடவில்லை. கல் வெட்டுகிறவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "டீச்சர், எழுத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. வெட்டினப்புறம் அழிக்க முடியாது, பாத்துக் குடுங்க."

அந்த பயத்தோடுதான் இந்தப் புத்தகத்தை வாங்கினேன். நம் ஊர்ப் பிரமுகர்கள் 112 பேரைப் பற்றிய தொகுப்பு. 208 பக்கம், 320 ரூபாய். பெயரையும் பதிப்பகத்தையும் இங்கே நான் எழுதவில்லை. தொகுத்தவரிடம் பேசிவிட்டேன், திருத்தி மறுபதிப்பு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பெயரைப் போட்டு அவருடைய உழைப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இதே மாதிரி ஊர்ப் பெருமைப் புத்தகங்கள் எல்லா ஊரிலும் விற்கின்றன. அதை நம்பி மேடையில் பேசுகிறார்கள், மலரில் எழுதுகிறார்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அதனால் இந்த விமரிசனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தாள் நன்றாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிது. தொகுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதவில்லை. தெருத்தெருவாக நடந்திருக்கிறார். தவில்காரர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், பட்டு நெசவாளர்கள் என்று எந்தப் பட்டியலிலும் வராத பதினைந்து இருபது பேரின் வீட்டுக்கே போய், பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களில் "இதைச் சொன்னவர் இன்ன உறவு, கேட்ட நாள் இது" என்று அடியில் குறித்திருக்கிறார். புத்தகத்திலேயே அதுதான் உருப்படியான பகுதி. அதற்காகவே 320 ரூபாய் கொடுக்கலாம்.

சிக்கல் பெரிய பெயர்களில்தான். எல்லோருக்கும் தெரிந்தவர்தானே என்று நினைத்தாரோ என்னவோ, அங்கே சான்று எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். 112 பேரில் 19 பேருக்குத்தான் தகவல் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இருக்கிறது.

ராமானுஜன் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கணித மேதை கும்பகோணத்தில் 1887-இல் பிறந்தார்" என்று ஆரம்பிக்கிறது. வருஷம் சரி, ஊர் தப்பு. அவர் பிறந்தது ஈரோட்டில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில், 1887 டிசம்பர் 22. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகும் வழக்கம் நமக்குத் தெரியாததா? அப்பா சீனிவாச ஐயங்கார் இங்கே புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இங்கே திரும்பிவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் நம் ஊர்தான். சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு, டவுன் ஹைஸ்கூல், 1904-இல் பள்ளியில் வாங்கிய ரங்கநாத ராவ் கணிதப் பரிசு, அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தது வரை. இவ்வளவு இருக்கும்போது பிறப்பை எதற்கு ஈரோட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்? சன்னதித் தெரு வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவில்லமாகப் பராமரிக்கிறது. தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில். அந்த ஜன்னல் பக்கத்தில் நின்றால் போதும், அவர் இந்த ஊர்ப் பிள்ளை என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் பக்கத்தில் இதே தப்பு தலைகீழாக நடந்திருக்கிறது. "கேரளத்தில் பிறந்து கும்பகோணத்துக்கு வந்தவர்" என்கிறது புத்தகம். பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம்' மான்கொம்பு, குட்டநாட்டில் இருக்கிற பூர்வீக ஊர். அதை வைத்து எழுதியிருக்க வேண்டும். அவர் பிறந்தது இங்கேதான், 1925 ஆகஸ்ட் 7. அப்பா டாக்டர் சாம்பசிவன் இங்கே அறுவைச் சிகிச்சை நிபுணர். யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டி, கொசு முட்டையிடும் இடங்களை அழிக்க வைத்தவர். மகனுக்குப் பதினொரு வயது இருக்கும்போதே போய்விட்டார். அந்த அப்பாவைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். மகனுக்கு 2024-இல் பாரத ரத்னா அறிவித்தார்கள், உலகத்துக்கே தெரியும். ஊர்ப் பட்டியல் என்பது அப்பா மாதிரி ஆட்களுக்குத்தானே முதலில் இடம் கொடுக்க வேண்டும்?

பிறக்காத ஒருவரை இங்கே பிறக்க வைத்து, பிறந்த ஒருவரை வெளியே அனுப்பிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். 'ஊர்க்காரர்' என்றால் என்ன அர்த்தம் என்று தொகுத்தவர் முதலில் முடிவு செய்துகொள்ளவில்லை. நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: பிறந்தவர், வளர்ந்தவர் அல்லது படித்தவர், வேலை பார்த்தவர். ஒருவர் எந்தக் கட்டத்தில் வருகிறார் என்று முடிவானபிறகுதான் பெயர். இப்படிப் பிரித்ததும் ஒன்று தெரிந்தது. நம் ஊரின் பாதிப் பெருமை காவேரிக் கரையில் இருக்கும் கல்லூரியிலிருந்து வந்தது. 1854-இல் தொடங்கியது. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி அங்கேதான் பட்டம் வாங்கினார். தேவங்குடிக்காரரான தி.ஜானகிராமன் அங்கே படித்தார். புத்தகம் இருவரையும் 'கும்பகோணத்தில் பிறந்தவர்கள்' ஆக்கிவிட்டது. வலங்கைமான் இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் சும்மா இருப்பார்களா?

உ.வே.சா. பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புத்தகம் அவரை "உத்தமதனபுரத்தில் பிறந்தவர்" என்கிறது. ஊர் பெயர் உத்தமதானபுரம், ஒரு கால் விழுந்துவிட்டது. அச்சுப்பிழை என்று தாண்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு இணையத்தில் ஒரு தளத்தில் அதே பத்தி, அதே கால் இல்லாமல், காற்புள்ளி மாறாமல் இருந்தது. கீழே ஆதாரம் என்று எதைக் காட்டியிருந்தார்கள் தெரியுமா? இந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பை. தொகுத்தவரிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் நெட்லேர்ந்து எடுத்தது டீச்சர்" என்றார். ஆக, புத்தகம் தளத்தைப் பார்த்து எழுதியது, தளம் புத்தகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. இரண்டு இடத்தில் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். இருப்பது ஒரே ஒரு இடத்தில்தான்.

சரி, உண்மையில் எங்கே பிறந்தார்? அவரே எழுதிவைத்திருக்கிறார். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது, இன்றைக்கும் எந்த நூலகத்திலும் கிடைக்கும். உத்தமதானபுரம் அப்பா வழி ஊர், பிறந்தது சூரியமூலையில், அம்மாவின் ஊரில், 1855 பிப்ரவரி 19. மறுபடியும் அதே தாய்வீட்டுக் கதை! இது தெரிந்த பிறகு ஒவ்வொரு பெயருக்கும் முதல் கேள்வியாக அம்மா எந்த ஊர் என்று பார்க்க ஆரம்பித்தேன். யாராவது இந்த மாதிரி பட்டியல் போடப் போனால் இதை மறக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய குறை, அவர் கும்பகோணத்தில் என்ன செய்தார் என்பது புத்தகத்தில் இல்லை. 1880-இல் தியாகராச செட்டியார் பரிந்துரைத்து, அவர் இடத்துக்கே கல்லூரியில் தமிழாசிரியராக வந்தார். 1903 வரை இங்கே இருந்தார். வந்த வருஷமே, முன்சீப்பாக இங்கே வேலைக்கு வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று முதலியார் கேட்ட அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இத்தனையும் அவர் இந்த ஊரில் வாத்தியாராக இருந்த காலத்தில் வெளிவந்தவை. பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் ஏடு பார்த்த மனிதர். எங்கள் பலகையில் அவரை 'வேலை பார்த்தவர்' கட்டத்தில்தான் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ந.பிச்சமூர்த்தி, கு.ப.ராஜகோபாலன் இருவரும் இங்கே பிறந்தவர்கள், 1900, 1902. இந்த விவரம் புத்தகத்தில் சரியாகவே இருக்கிறது. எம்.வி.வெங்கட்ராமுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்த வருஷம் 1993, புத்தகத்தில் மாறியிருக்கிறது. வயலின் ராஜமாணிக்கம் பிள்ளை பக்கம் நன்றாக இருக்கிறது, 1948-இல் சங்கீத கலாநிதி வாங்கியதையும் விடவில்லை. இந்து பத்திரிகையின் கஸ்தூரிரங்க ஐயங்காருக்கு இன்னம்பூர் என்று சரியாகப் போட்டிருக்கிறார்.

டி.மாதவராவுக்கு நான்கே வரி. 1828-இல் இந்த ஊரில் பிறந்து, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என்று மூன்று சமஸ்தானங்களுக்குத் திவானாக இருந்தவருக்கு நான்கு வரி! என் மகள் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். அங்கே தலைமைச் செயலகத்துக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்துக்குப் பெயரே 'ஸ்டாச்சு'. கண்டக்டர் அப்படித்தான் கூவுகிறார். அந்த ஸ்டாச்சு மாதவராவின் சிலை. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அவர் நின்ற இடத்தின் பெயரைச் சொல்லி இறங்குகிறார்கள், பிறந்த ஊரில் நான்கு வரியோடு முடித்துவிட்டோம்.

பெண்கள் 112 பேரில் நான்கு பேர்தான். கும்பகோணம் பாலாமணி அம்மாள் இல்லவே இல்லை. பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர், அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்று இன்றைக்கும் நாடக உலகில் பேசுகிறார்கள். தொகுத்தவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "விட்டுட்டேன் டீச்சர், என் தப்புதான்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

சரிபார்க்க நான் போன வழிகளையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். காசு கிடையாது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். சென்னை போனால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரிலேயே இருக்கும் நூலகம். 1906-இல் ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியர், ஆட்களைவிட ஊர்களின் பழைய எல்லையைப் பார்க்கத்தான் எனக்குப் பயன்பட்டது. நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்து, எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எத்தனையாவது பக்கம் என்று எழுதினேன். ஒருவருக்கொருவர் பார்த்து எழுதாத இரண்டு இடத்திலாவது கிடைத்தால்தான் பெயருக்குப் பக்கத்தில் பச்சை மை. அந்த நோட்டு நூலகத்திலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து என்னைத் திருத்தலாம்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். வீட்டில் வைத்துப் படிக்க, தெரியாத பெயர்களைத் தெரிந்துகொள்ள வாங்குங்கள். எதையாவது எழுத, பேச, வெட்ட வேண்டும் என்றால் மறுபதிப்பு வரட்டும். சான்றுகளைப் பக்கத்துக்குப் பக்கம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், என் நோட்டின் நகலையும் கொடுத்திருக்கிறேன். வந்தால் நானே பத்துப் பிரதி வாங்கிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பேன்.

பலகையில் இப்போதைக்கு 36 பெயர் பச்சை மையில் முடிந்திருக்கிறது. முதல் வரியைப் போன வாரம் வெட்டினார்கள்: 'சீனிவாச ராமானுஜன், கணித மேதை, 1887–1920, இங்கே வளர்ந்தவர், படித்தவர்.' "இவ்ளோ எதுக்கு டீச்சர், பிறந்தவர்னு போட்டா எழுத்து குறையுமே" என்றார் கல் வெட்டுகிறவர். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். மிச்ச எழுத்துக்கான காசை அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.