மேடுபள்ளக் கடலடியில் அலைக்கணக்கு: ஆழமற்ற நீர்ச் சமன்பாடா, பூசினெஸ்கா?

கரையை நெருங்கும் அலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. 1871இல் பிரெஞ்சு அறிஞர் சான்-வெனான் ஆற்று வெள்ளத்துக்காக எழுதியதிலிருந்து வந்த ஆழமற்ற நீர்ச் சமன்பாடு ஒன்று. அடுத்த ஆண்டே இன்னொரு பிரெஞ்சுக்காரரான பூசினெஸ்க் எழுதிய சமன்பாடு இன்னொன்று.

முன்னதில் மேலிருந்து அடிவரை நீர் ஒரே வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். சிறிய அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கும்: 4000 மீட்டரில் மணிக்குச் சுமார் 710 கி.மீ., 10 மீட்டரில் வெறும் 36. 2004 சுனாமி கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது, நடுக்கடலில் அதன் உயரம் ஏறக்குறைய 60 செ.மீ. தான். அந்த இடத்தின் ஆழம் 4000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டருக்கு வரும்போது, ஆழம் குறைய அலை எவ்வளவு உயரும் என்று சொல்லும் கிரீன் விதிப்படி உயரம் நாலரை மடங்கு, அதாவது 2.7 மீட்டர். நூற்றுக்கணக்கான கி.மீ. நீளமுள்ள அலைக்கு இது தாராளம். ஐதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையத்தின் துனாமி-என்2 நிரலும் இந்த வகைதான். எச்சரிக்கை வேலைக்கு நானும் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன்.

சாதாரண அலை ஒரு மணல்திட்டைத் தாண்டும்போதுதான் சிக்கல். திட்டின்மேல் ஏறுகையில் அதன் முகப்பு செங்குத்தாகும். அந்தப் பக்கம் இறங்குகையில் சிற்றலைகளாகப் பிரியும். ஆழமற்ற நீர்ச் சமன்பாட்டில் நீள அலைக்கும் குட்டை அலைக்கும் ஒரே வேகம் என்பதால் பிரிவதற்கு வழியில்லை. நிஜத்தில் உடையாத அலையைக்கூட அது உடைத்துவிடும். பூசினெஸ்க் சமன்பாடு நீரின் மேல்கீழ் முடுக்கத்தையும் சேர்ப்பதால் குட்டை அலை பின்தங்குகிறது, வடிவம் சரியாக வருகிறது. சமமற்ற தரைக்கு அதை 1967இல் விரித்தவர் பெரெகிரின். துறைமுக வாய்க்கும் பவளத்திட்டுக்கும் இதுதான் சரி. ஆனால் மூன்றாம் வரிசை வகைக்கெழுக்கள் (மூன்று முறை வகையிட்ட உறுப்புகள்) வந்து சேர்வதால் கணினி திணறும்.

எதை எடுத்தாலும் முதலில் அலையே விடாமல், மேடுபள்ளத் தரைமேல் அசையாத நீரை ஓட்டிப் பாருங்கள். தரைச்சரிவும் நீரழுத்தமும் நிரலில் அச்சாகச் சமன்படாவிட்டால் சும்மா கிடக்கும் நீரிலேயே பொய் அலை கிளம்பும். அப்புறம் சமன்பாட்டைத் திட்டிப் பயனில்லை.

சரி, அலை உடையும் இடத்தில்? அங்கே பூசினெஸ்க் சமன்பாடு தானாக எதுவும் செய்யாது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபன்வேவ்-டிவிடி நிரல், அலை உயரம் ஆழத்தில் 0.8 பங்கைத் தாண்டினால், பூசினெஸ்க் கூடுதலாகச் சேர்த்த உறுப்புகளை அணைத்துவிட்டு, பழைய ஆழமற்ற நீர்ச் சமன்பாட்டுக்கே மாறிக்கொள்கிறது.