ஏரிக்கரை விடுதி ஊருக்குச் செப்டிக் டேங்க்கா, பாதாள சாக்கடையா?

விடுதிகளை நம்பிப் பிழைக்கும் சின்ன ஏரிக்கரை ஊருக்குச் சொத்து என்று இருப்பது அந்தத் தண்ணீர்தான். அதைப் பச்சையாக்குவதில் முதல் பங்கு கழிவுநீரோடு வரும் பாஸ்பரஸுக்கு. 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்ற எண் கொண்ட ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். கார்பனும் நைட்ரஜனும் இரு பக்கமும் போட்டார்கள், பாஸ்பரஸ் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம்தான் பாசி மண்டியது. ஆகவே கழிவுநீருக்கு எந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினாலும், பாஸ்பரஸ் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

செப்டிக் டேங்க் கசடைத்தான் பிடிக்கும். கரைந்த பாஸ்பரஸ் தெளிந்த நீரோடு வெளியேறிவிடும், லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம். ஏரியிலோ லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் இருந்தாலே பாசிக்குப் போதும். நடுவில் நின்று தடுப்பது மண் மட்டுமே. டேங்கின் தெளிந்த நீரை மண்ணில் இறக்கும் கசிவுக் குழாய்க்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஒரு மீட்டராவது ஈரம் ஊறாத மண் இருந்தால் நல்லது. கரையோர மனைகளில் அதுதான் கிடைப்பதில்லை. மணல் பாஸ்பரஸை அதிகம் பிடிக்காது. பிடிக்கும் மண்ணும் ஆண்டுகள் போகப் போக நிறைந்துவிடும்.

சீசன் இன்னொரு தொல்லை. ஐந்து பேருக்குக் கட்டிய டேங்கில் விடுமுறை நாளில் பதினைந்து பேரின் தண்ணீர் இறங்கும். ஒரு நாளாவது தங்கித் தெளிய வேண்டிய நீர் சில மணி நேரத்தில் கசடோடு வெளியேறி மண்ணின் துளைகளை அடைக்கும். அடைத்தபின் டேங்கைக் காலி செய்தும் பயனில்லை, கசிவுக் குழாய்கள் பதித்த களத்தையே வேறு இடத்தில் தோண்ட நேரிடும். அதனால் சீசனுக்கு முன்பே அளந்து பாருங்கள். நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் விட்டு மெதுவாக எடுங்கள். துணியின் கீழ்ப்பகுதியில் ஒட்டியிருக்கும் கருப்புதான் கசடின் உயரம். நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் உடனே லாரியைக் கூப்பிடுங்கள். தலையை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள், அந்த வாயு ஆளைக் கொல்லும்.

பாதாள சாக்கடை ஏரியைக் காப்பாற்றும் என்பதற்குச் சான்று உண்டு. பிரான்சின் ஆன்சி ஏரியைச் சுற்றிய ஊர்கள் 1957இல் கூட்டமைப்பாகச் சேர்ந்து, கழிவுநீர் ஏரியில் விழாதபடி கரையோரமாகக் குழாய் போட்டன. அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் ஏரிக்குள் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், ஏரி தெளிந்தது.

ஆனால் சின்ன ஊருக்கு வாட்டம்தான், அதாவது குழாயின் சரிவுதான், பெரும்பாடு. 200 மில்லிமீட்டர் குழாய்க்கு மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் வாட்டம் வேண்டும். சமதளக் கரையில் ஒரு கிலோமீட்டர் போனால் 4 மீட்டர் ஆழம், அதாவது ஏரி மட்டத்துக்கும் கீழே. இணைப்புகளில் நிலத்தடி நீர் புகும், சுத்திகரிப்பு நிலையம் வெறும் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். ஆள் இல்லாத மாதங்களில் ஓட்டம் குறைந்து கசடு தங்கும், நாற்றம் கிளம்பும். மின்சாரம் போனால், ஆழத்தில் சேரும் கழிவுநீரை மேலேற்றும் பம்ப் கிணறு வழிவதும் நேராக ஏரிக்குள்தான். மாற்றுப் பம்பும் ஜெனரேட்டரும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

வீடுகள் நெருக்கமாக இருக்கும் கரையோரத் தெருக்களுக்கு எங்கள் பரிந்துரை மூன்றாவது வழி. டேங்குகள் அப்படியே இருக்கட்டும், தெளிந்த நீரை மட்டும் சிறு குழாயில் திரட்டி ஊர்ப் பொதுச் சுத்திகரிப்புக்கு அனுப்பலாம். கசடு வராததால் குழாயைப் பெரிதாகவும் ஆழமாகவும் போட வேண்டியதில்லை. அங்கே படிகாரம் சேர்த்துப் பாஸ்பரஸைப் படியவைத்து, நீரை ஏரிக்குத் திரும்பாத பக்கம் விட வேண்டும். டேங்குகளைக் காலி செய்யும் பொறுப்பும் வீட்டுக்காரர்களிடமிருந்து ஊர் நிர்வாகத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வீட்டின் கசடு தெருக் குழாயையே அடைத்துவிடும். மேட்டில், பெரிய மனையில் இருப்பவர்களுக்குச் செப்டிக் டேங்கே போதும்.

கட்டணத்தைக் கட்டிடத்துக்கு இவ்வளவு என்று வைத்தால், ஆண்டு முழுக்கக் குடியிருக்கும் இரண்டு பேர் நாற்பது படுக்கை விடுதியின் செலவையும் சுமப்பார்கள். படுக்கைக் கணக்கில் வையுங்கள். குழாய் வந்ததும் மனைகளைத் துண்டு போட்டு மாடி எழுப்பும் வேகமும் கூடும். அதுவரை மண்ணின் கொள்ளளவுதான் ஊரின் அளவைக் கட்டுப்படுத்திவந்தது. ஆகவே படுக்கைகளுக்கு உச்சவரம்பைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டுப் பிறகு குழி தோண்டுங்கள்.