அசலா, எமுலேட்டரா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஒப்பீடு

பழைய கணினிகளைப் பிள்ளைகள் தொட்டு இயக்கிப் பார்க்க ஓர் அறை வேண்டும் என்று எங்கள் வாசகசாலைக் குழு தீர்மானித்ததும் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. அசல் இயந்திரத்தையே வைக்க வேண்டும் என்றது ஒன்று. அதைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை, அதாவது எமுலேட்டரை, ராஸ்பெர்ரி பை என்னும் கையகலக் கணினிப் பலகையில் ஏற்றிவிட்டால் போதும் என்றது மற்றொன்று. இப்போது இரண்டுமே மாடி அறையில் இருக்கின்றன. நான் அசல் கட்சி. ரேடியோ, டிவி பழுதுபார்த்துப் பிழைத்தவனுக்கு அந்தச் சாய்வு இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எமுலேட்டரின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. செலவு குறைவு, இடம் குறைவு. ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 என்று பல கணினிகள் ஒரே பலகையில் வந்துவிடும். எந்தத் திரையிலும் படம் தெரியும். இதற்கு மேல் நீட்ட ஒன்றுமில்லை.

அசலாக எங்களுக்கு வாய்த்தது, ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பிபிசி மைக்ரோ மாடல் பி. 1981இல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் கொண்டுவந்தது. நினைவகம் 32 கிலோபைட், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். 1984இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தவை இந்த வகைக் கணினிகள்தாம். சுவிட்சைப் போட்டதும் இரண்டு சுருதியில் ஓர் ஒலி. உடனே நிரல் எழுதும் பேசிக் மொழி தயார். கேசட்டிலிருந்து 20 கிலோபைட் நிரலை ஏற்ற ஏறக்குறைய 3 நிமிடம் பிடிக்கும். எமுலேட்டரில் நொடியில் முடிவது இங்கே இழுக்கிறது என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என நினைத்தவர்கள் வந்து பார்க்கலாம். கேசட்டின் கீச்சொலி பாதியில் நின்றுவிடுமா, முழுதாக ஏறுமா என்று அந்த 3 நிமிடமும் பந்தயம்தான்.

குழுவில் எழுந்த பெரிய ஆட்சேபம் பராமரிப்பு. "கெட்டுப்போனால் யார் பார்ப்பது அண்ணா?" என்றார் செயலாளர். நியாயமான கேள்வி. ஆனால் அசலைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணமே அதுதான்.

ராஸ்பெர்ரி பையும் கெடுகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் பட்டென்று போய் வந்தால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் குழம்பிவிடும். கார்டை அழித்து மறுபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். பலகையே போனால் வேறு பலகை. எள்ளளவு உறுப்புகளை வைத்துப் பற்றவைத்த அதில் என் கைக்கு வேலை இல்லை, பார்த்து நிற்கும் பிள்ளைக்குப் பாடமும் இல்லை.

பிபிசி மைக்ரோவைத் திருப்பிப் பாருங்கள். கழற்ற வேண்டிய திருகாணிகளுக்குப் பக்கத்திலேயே குறி போட்டிருக்கும். மூடியைத் தூக்கினால் செயலி எது, நிரந்தர நினைவகமான ரோம் எது என்று விரல் வைத்துக் காட்டலாம். முக்கியமான சில்லுகள் பலவும் சாக்கெட்டில் அமர்ந்திருப்பவை. வருடக்கணக்கில் சூடாகி ஆறி அவை மெல்ல மேலெழும். திரை வெறிச்சென்று நின்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில்லுகளை அழுத்தி உட்கார வைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்போது அதை என்னைக் கேட்காமலேயே செய்கிறாள். மின்வழங்கியில் உள்ள காகித வகைக் கண்டென்சர்கள் வயதானால் விரிசல் விட்டு, ஈரம் இழுத்து, ஒருநாள் நாற்றத்தோடு புகையும். அதற்கு மாற்றாக எக்ஸ்2 வகைக் கண்டென்சர்கள் கோவையில் கிடைக்கின்றன, விலையும் சொற்பம். அந்த வேலை மட்டும் பெரியவர்களுக்கு.

ஒரு வேடிக்கை: ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம் செயலி ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் சில்லு 1985இல் ஓடியது ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைந்துதான். ஆக எங்கள் மேசையில் தாத்தாவும் பேரனும்.

என் கட்சியின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். திரைக்குப் படம் தரும் வீடியோ யுஎல்ஏ என்னும் தனிச்சில்லு போனால் இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. அதற்குத் திரையாக உள்ள பழைய டிவியின் படக்குழாய் போனாலும் அதே கதி. எங்கள் ஊர் இருக்கும், பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் சற்று வறண்ட பூமி; உப்புக்காற்று அடிக்கும் பொன்னானி போன்ற கடற்கரை ஊரில் அசல் இயந்திரம் எத்தனை காலம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கண்ணில் வைத்துப் பார்க்கும் தொடக்ககால மெய்நிகர் (விஆர்) கருவிகள் விஷயத்தில் என் வாதம் செல்லாது. 1995இல் வந்த நின்டெண்டோ வர்ச்சுவல் பாய் சிவப்பு நிறம் மட்டுமே காட்டும். திரையோடு பசையால் ஒட்டிய நாடா வயர் விலகி, படத்தில் கோடு கோடாக மறைவது அதன் பிறவிக் குறை. அரும்பொருள் என்பதால் விலையும் நமக்கு எட்டாது. அதற்கு எமுலேட்டரும் கைப்பேசியைச் செருகும் அட்டைக் கண்ணாடியும் போதும். 1990களில் லெஸ்டர் நகர நிறுவனம் செய்த விர்ச்சுவாலிட்டி போன்ற பெரிய இயந்திரங்களை நான் தலையில் மாட்டியதே இல்லை. கழுத்தில் இறங்கும் அந்த எடையை அட்டைக் கண்ணாடி தராது என்பது மட்டும் நிச்சயம்.

உங்கள் ஊரில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வாரம் ஒருமுறையாவது வருவாரென்றால் அசலையே வாங்குங்கள். வராவிட்டால் எமுலேட்டர். அசல் கிடைத்தால், பிளக்கைச் செருகும் முன்பே மின்வழங்கியின் அந்தக் காகிதக் கண்டென்சர்களை மாற்றிவிடுங்கள்.