சீகாம்ப் மாற்றியமைத்த கோல்ட் கமாண்டர்: எட்டு ஆண்டு அனுபவம்

என்னிடம் அமெரிக்காவின் கோல்ட் (Colt) நிறுவனம் செய்த கமாண்டர் கைத்துப்பாக்கிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றொன்று 1970களில் கனெக்டிகட்டில் லூயிஸ் சீகாம்ப் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் டபுள் ஆக்‌ஷனாக மாற்றிக் கொடுத்தது; அதாவது விசையை (டிரிகரை) இழுத்தாலே சுத்தியலும் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம்) தானே ஏறி விழும். இதை ஓஹையோவில் ஒரு கண்காட்சியில் 1,900 டாலருக்கு வாங்கினேன். அன்றிரவு அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தூக்கம் வரவில்லை.

கமாண்டர், ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 கைத்துப்பாக்கி வகையைச் சேர்ந்தது. அந்த வகையில், சுத்தியல் முன்பே ஏறி நின்றால்தான் விசை சுடும். ஏற்றிய சுத்தியலோடு, சேஃப்டி பூட்டைப் போட்டு இடுப்பில் வைத்துக்கொள்ளப் பலருக்கும் நடுக்கம். ஜெர்மனியின் வால்தர் பி38 கைத்துப்பாக்கியில் அந்தத் தொல்லை இல்லை. முதல் தோட்டாவுக்கு விசையை இழுத்தாலே சுத்தியல் ஏறி விழும். ஜெர்மனியில் பிறந்த சீகாம்ப் அந்த வசதியை 1911-க்குள் கொண்டுவந்தார்.

விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பு வளையத்தைப் பாருங்கள். வளைந்த புது விசை முன்னால் தள்ளி நிற்பதால் அதற்கு இடம்விட்டு வளையத்தை நீட்டியிருக்கிறார். எங்கே பழைய உலோகம் முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கருநீலப் பூச்சின் கீழ் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை. இந்தக் கைக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

சுடுவது வேறு கதை. முதல் இழுப்பு நீளம், கனம். இரண்டாவதில் சுத்தியல் ஏற்கெனவே ஏறி நிற்பதால் தொட்டாலே போதும். விரல் ஒன்றுக்குப் பழகியதும் மற்றொன்று வந்துவிடுகிறது. பத்து கஜத்தில் என் முதல் தோட்டா எப்போதும் இடப்பக்கம் கீழே இறங்கும், மீதி ஆறும் நடுவில் விழும். டபுள் ஆக்‌ஷனே தேவையற்றது என்று அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வாதாடினார். சுடுகளத்தில் நின்று பார்த்தால் நியாயம் அவர் பக்கம்தான். அதைவிடப் பெரிய குறை, ஏறிய சுத்தியலை இறக்கத் தனி நெம்புகோல் இல்லாதது. துப்பாக்கியின் சுடும் அறைக்குள் தோட்டா இருக்கும்போது கட்டைவிரலை நம்பி அதை இறக்க நான் துணிந்ததே இல்லை.

சாதாரண 1911 உறை இதற்குப் பொருந்தாது, அந்த வளையம் இடிக்கும். தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு துப்பாக்கிக்குள் ஒரு சிறு வில் (ஸ்பிரிங்) உடைந்தது. நான் கொடுத்த கடை ஐந்து மாதம் வைத்திருந்து, தொடாமலேயே திருப்பித் தந்தது. கடைசியில் ஓய்வுபெற்ற கடைசல்காரர் ஒருவர் பழைய வில்லை மாதிரியாக வைத்துப் புதிதாகச் செய்து தந்தார். நான்கு செய்யச் சொன்னேன். மூன்று இன்னும் எண்ணெய்த்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ளத் தேடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். சேர்த்துவைக்க ஆசைப்படுகிறவர்கள், காலி என்று உறுதிசெய்துகொண்டு விசையை மெதுவாகப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது தட்டினால், செப்பனிட ஆளை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.