திருக்கடலூர் பச்சைக் கதவுக் கடை: ஆறு வருசமா ஏன் வேற கடைக்குப் போகேல்ல

இந்தக் கடையப் பற்றி எழுதோணும் எழுதோணும் எண்டு நினைச்சே வருசங்கள் போயிட்டுது. போன கிழமை எங்கட ஒழுங்கைக்கு வாடகைக்கு வந்த பிள்ளை ஒண்டு "அக்கா இங்க நல்ல பலசரக்குக் கடை எது" எண்டு கேட்டுது, நான் யோசிக்காமலே பச்சைக் கதவு எண்டு சொன்னனான், ஏன் எண்டு அவ கேட்க பாதி ராத்திரி மட்டும் கதை சொல்ல வேண்டியதாப் போச்சு. அதத்தான் இங்க எழுதுறன்.

முதல்ல கடை. திருகோணமலையில திருக்கடலூர் கடற்கரைக்கு இறங்கிற பக்கம், பேர்ப்பலகை ஒண்டும் இல்லை, பெரிய பச்சைப் பலகைக் கதவு ரெண்டு, ஆட்டோக்காரரிட்ட பச்சைக் கதவு எண்டு சொன்னாலே கொண்டுபோய் விடுவினம். கடைக்கார அண்ணனும் அக்காவும் மட்டும்தான் நிக்கிறவை, பள்ளிக்கூடம் விட்டா மகன் வருவான். அரிசி தம்பலகாமம் பக்கத்தால வாறது, சம்பாவும் சிவப்புப் பச்சையும் ரெண்டும் நல்லம், ஆனா சிவப்புப் பச்சையில இடைக்கிடை கல்லு இருக்கும், அரிச்சுத்தான் போடோணும். நெத்தலிக் கருவாடு வேற எங்கயும் வாங்காதேங்க, மண் இல்லாம வடிவாக் காஞ்சு வரும், அக்கா தானே தெரிஞ்சு எடுக்கிறவ. மூதூர்த் தயிர்ச் சட்டி கிழமைக்கு ஒருக்கா. சீனி, மா, பருப்பு எல்லாம் டவுன் விலைதான், சில நேரம் ரெண்டு மூண்டு ரூபா கூட இருக்கும், அத மறைக்கேல்ல. கார்ட் எடுக்க மாட்டினம், அண்ணன் நிறுக்கிறதும் ஆறுதலாத்தான், அவசரம் எண்டா கொஞ்சம் எரிச்சல் வரும்.

இவ்வளவும் எந்தக் கடைக்கும் எழுதலாம். நான் எழுத வந்தது 2020 மார்ச்.

அந்த வருசம் ஜனவரி 27 இலங்கையில கொரோனா வந்த முதல் ஆள், சீனாவில இருந்து சுற்றுலா வந்த பொம்பிளை, கொழும்புப் பக்கம் தொற்றுநோய்க்கெண்டு இருக்கிற ஐ.டி.எச். ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்து பெப்ரவரியில சுகமாக்கி அனுப்பினவை. வூகானில இருந்த எங்கட மாணவர் 33 பேரைக் கொண்டுவந்து தியத்தலாவ ஆமி முகாமில தனிமைப்படுத்தி வச்சவை. அந்த நேரம் சனம் பயந்ததுதான், பாமசியளில மாஸ்க் முடிஞ்சுது, ஆனா எங்களுக்கு இது தூரத்து விசயம் மாதிரித்தான் இருந்தது. பெப்ரவரியில சிவராத்திரிக்கு கோணேசர் மலையில நிண்ட சனத்தில ஒரு மாஸ்க் கண்ட ஞாபகம் எனக்கில்லை. மார்ச் 11 வாக்கில இத்தாலிச் சுற்றுலாக்காரரோட திரிஞ்ச வழிகாட்டி ஒருத்தருக்கு வந்திட்டுது எண்ட பிறகுதான் எல்லாம் மாறினது. அடுத்த நாள் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாச்சு, அண்டைக்குப் பின்னேரமே டவுன்ல சனம் அரிசி மூட்டையத் தோளில தூக்கிக்கொண்டு ஓடினது. நானும் ஓடினனான். எங்க ஓடுறம் ஏன் ஓடுறம் எண்டு தெரியாது, பக்கத்து வீட்டாள் பத்துக் கிலோ வாங்கினா நான் பதினைஞ்சு வாங்கோணும் எண்ட மாதிரி ஒரு நெஞ்சுப் பதைப்பு.

பிறகு மார்ச் 17 ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச டிவியில பேசினவர், பருப்பு கிலோ 65 ரூபா, டின் மீன் 100 ரூபாக்கு மேல விக்கேலாது எண்டு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டவ. விடிய நான் டவுனுக்குப் போனன், ஏறின மூண்டு கடையிலயும் பருப்பு இல்லை. நேற்று வரைக்கும் மூட்டையா இருந்த பருப்பு ஒரு ராத்திரியில எங்க போகும்? ஒரு கடையில பின்பக்கத்தால வாங்க, பழைய விலைக்குத் தாறன் எண்டு மெல்லமாச் சொன்னாங்க. அவங்களில மட்டும் பிழை சொல்ல மாட்டன், கூடின விலைக்கு வாங்கி வச்ச சாமானை 65க்கு வில்லு எண்டா நட்டத்த யார் தாறது எண்டு அறிவிப்பில ஒண்டும் இல்லை. விலையக் குறைச்சுச் சொல்றது லேசு, அந்த விலைக்குச் சாமான் கடைக்கு வந்து சேர வழி செய்திருக்கோணும். ஏப்ரல் முடியிற நேரம் அந்த விலையையே எடுத்திட்டாங்கள்.

பச்சைக் கதவில பருப்பு இருந்தது. 65 ரூபாதான். வாசலில ஒரு மட்டையில கரியால எழுதி வச்சிருந்தவர், "பருப்பு ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ". நட்டம் எவ்வளவு எண்டு நான் பிறகு எத்தினையோ தரம் கேட்டிட்டன், இண்டைக்கும் வாய் திறக்கேல்ல.

ஒண்டு சொல்லோணும், அந்த ஒரு கிலோக் கணக்கு சரியில்லை எண்டு அவரோட சண்டை பிடிச்சதும் நான்தான். எங்கட வீட்டில நாலு பேர், எனக்கும் ஒரு கிலோ, பின் ஒழுங்கையில ஒன்பது பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒரு கிலோ எண்டா எப்பிடி? முதல்ல அவருக்குக் கோவம், "பிள்ளை, ஆளாளுக்கு நான் தலை எண்ணிக்கொண்டிருக்கவா" எண்டார். ரெண்டு நாள் கழிச்சுப் போனா மட்டையில எழுத்து மாறியிருக்கு, ஆளுக்கு 200 கிராம். அக்கா கொப்பியில ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தினை பேர் எண்டு எழுதி வச்சிருக்கிறா. சொன்னதைக் கேட்டுத் திருத்திற கடை எனக்கு அதுக்கு முதல் கிடைச்சதில்லை.

மார்ச் 20 வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டது. திங்கக்கிழமை காலமை 6 மணிக்கு எங்கட பக்கம் எடுத்து பகல் 2 மணிக்குத் திரும்பப் போட்டவை. அந்த எட்டு மணித்தியாலத்தில டவுனப் பார்த்திருக்கோணும். சனத்த வீட்டுக்குள்ள வச்சது ஆளுக்காள் முட்டாம இருக்க எண்டுதான், ஆனா திறந்து விட்டது கொஞ்ச நேரம் எண்டபடியா மூண்டு நாளில முட்ட வேண்டியவை எல்லாம் ஒரே காலமையில முட்டினது, மரக்கறிக் கடையில ஆளின்ர முதுகில ஆள். பொலிஸ் கத்தி அலுத்துப் போச்சு.

பச்சைக் கதவில நான் கண்டது இதுதான். வாசலுக்கு முன்னால றோட்டில சுண்ணாம்பால வட்டம் போட்டிருக்கு, வட்டத்துக்கு வட்டம் ஒரு ஆள் படுக்கிற அளவு தூரம். கடைக்குள்ள ஒருத்தரும் போகேலாது, கதவுக்குக் குறுக்கால பழைய வலைக் கயிறு, மிதப்புகளோடயே கட்டியிருக்கு. பக்கத்தில நீல பரல் ஒண்டு பைப் பூட்டி, வெங்காயம் வாற சிவப்பு வலைப்பைக்குள்ள சவுக்காரக் கட்டியப் போட்டுத் தொங்கவிட்டிருக்கு, கை கழுவினாத்தான் சாமான். காசு வாங்கிறதுக்குச் சவுக்காரத் தண்ணி பேசின், சில்லறை எல்லாம் அதுக்க, தாள்களை அக்கா நனைச்சு உடுப்புக் கொடியில கிளிப் போட்டுக் காய விட்டிருக்கிறா, இருபது ரூபா நூறு ரூபாத் தாளெல்லாம் கடல் காத்துக்கு ஆடிக்கொண்டு நிக்குது. அது தேவையோ இல்லையோ, அந்தக் கொடியப் பார்த்த பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறினது, இங்க ஒருத்தர் எங்களுக்காக யோசிச்சிருக்கினம் எண்டு.

அடுத்த முறை ஊரடங்கு எடுக்க முதலே அண்ணன் போன் போட்டு ஒழுங்கைக்கு ஒழுங்கை நேரம் சொல்லிட்டார். கோயில் ஒழுங்கை 6 மணி, எங்கட ஒழுங்கை 7 மணி, வயசாக்களுக்கு வர வேண்டாம், சாமான் வீட்ட வரும். பிரதேச செயலகத்தில பாஸ் எடுத்து சைக்கிளில கொண்டுவந்து கேற்றில கொழுவிட்டுப் போறவர். அம்மாக்கு சீனி வருத்தம், பிரஷரும் இருக்கு, கிளினிக் குளிசைக்கு என்ன செய்யிறது எண்டு தவிச்ச நேரம் ஆஸ்பத்திரியால மருந்தைத் தபால்காரரே வீட்ட கொண்டுவந்து தந்தவர். அரசாங்கம் செய்ததில நான் மனசாரப் பாராட்டிற விசயம் அது. பி.எச்.ஐ. எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரும் எம்.ஓ.எச். எண்ட சுகாதார வைத்திய அதிகாரி ஒபிஸ் ஆக்களும் வெயிலுக்க வீடு வீடா நடந்து வெளியூரால வந்தவையத் தேடி எழுதினதும் அப்பிடித்தான், அந்த ஆக்களாலதான் முதல் அலையில நாங்கள் தப்பினது எண்டு நான் நம்புறன்.

மஞ்சள் கதையும் சொல்லோணும். எல்லா வாசலிலயும் வேப்பிலை, விடியவும் பின்னேரமும் மஞ்சள் தண்ணி தெளிக்கிறது, நாங்களும் தெளிச்சனாங்கள், அம்மாவின்ர மனத்திருப்திக்கு. மஞ்சள் விலை ஏறத் தொடங்கிட்டுது. அண்ணனிட்ட அரைக் கிலோ கேட்டன், "கறிக்குத் தாறன் பிள்ளை, தெளிக்கத் தரமாட்டன், தெளிச்சு வைரஸ் சாகாது, சவுக்காரம் கொண்டுபோ" எண்டு 50 கிராம் சுத்தித் தந்தவர். விக்கிற மனுசன் விக்க மாட்டன் எண்டு சொல்றார்! வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் மட்டும் தாராளமாத் தந்தார், குடிச்சா தொண்டைக்கு இதம், அதுக்கு மேல ஒண்டும் நினையாத எண்டார்.

அரிசி லொறியில வாற நானா ஒராள், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் ஆள். முஸ்லிம் ஆக்கள்தான் வருத்தத்தப் பரப்புகினம் எண்டு ஒரு கேவலமான கதை ஏப்ரல் மாசம் போனுக்குப் போன் ஓடினது, வரிசையில நிண்ட ஒருத்தர் அவரைக் காட்டி "இவன்ட அரிசிய வாங்காதேங்க" எண்டு சொல்லிட்டார். அக்கா தராசை வச்சிட்டு வெளிய வந்தா. "வருத்தம் ஆளின்ர சமயத்தப் பார்த்து வாறதில்ல, இந்த அரிசி வேண்டாம் எண்டா இந்தக் கடையே உங்களுக்கு வேண்டாம், போங்க." அவ்வளவுதான். ஒருத்தரும் கதைக்கேல்ல. நானா லொறிக்குப் பின்னால போய் நிண்டவர், நான் கண்டனான், தோளில கிடந்த துவாயால முகத்தத் துடைச்சவர். அந்த மாசம்தான் கொரோனாவால செத்தவையை எரிக்கத்தான் வேணும் எண்டு ஏப்ரல் 11 வர்த்தமானி வந்தது, புதைக்கலாம் எண்டு உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியும். 2021 பெப்ரவரி கடைசி மட்டும் அத மாத்தேல்ல. பிள்ளையின்ர உடம்பைக் கூட புதைக்க விடாம எத்தினை வீட்டின்ர வயிறு எரிஞ்சிருக்கும். மருத்துவப் பக்கம் அவ்வளவு நல்லாச் செய்த அரசாங்கம் இதில செய்தது பெரிய அநியாயம், எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல.

அரசாங்கம் 5000 ரூபாக் காசு குடுத்தது ஏப்ரலும் மேயும். எங்கட பக்கம் கடலுக்குப் போறவைதான் கனக்க, மீன் பிடிச்சாலும் கொழும்புக்கு லொறி ஒழுங்காப் போகாட்டிக் காசில்லை, அந்த 5000 வாற வரைக்கும் முழு ஒழுங்கையும் கடையின்ர கொப்பிக் கணக்கில, கடனுக்குத்தான் சாப்பிட்டது. யார் லிஸ்டில, யார் இல்லை எண்டு ஜி.எஸ். ஐயாவோட, கிராம சேவகரோட, ஒரே சண்டை. காசு கிடைச்ச அண்டைக்கு பின் ஒழுங்கை அக்கா ஒராள் நேரா பச்சைக் கதவுக்கு வந்து 3000 ரூபாவ நீட்டிறா, நான் பக்கத்தில நிக்கிறன். அண்ணன் வாங்கேல்ல. "தங்கச்சி, இது பிள்ளையளுக்கு வந்த காசு, கொப்பி அங்கயே கிடக்கட்டும், படகு இறங்கட்டும் பாப்பம்." அந்தக் கணக்கு முடிய ஒரு வருசத்துக்கு மேல போனது எண்டு அக்கா பிறகு சொன்னவ, ரெண்டு மூண்டு வீடு இன்னும் தரவேயில்லையாம், அவையளோட முகம் சுழிச்சுக் கதைச்சதை நான் கண்டதில்லை. அக்டோபரில கொழும்புக்குப் பக்கத்து பேலியகொட மீன் சந்தையால பரவி சனம் மீனையே தொட மாட்டன் எண்ட நேரம், நவம்பரில முன்னாள் மீன்பிடி அமைச்சர் பச்சை மீனைக் கடிச்சுக் காட்டினாரே, அந்தக் கிழமையும் விலைப்படாத மீனை அக்கா வாங்கிக் கருவாடு போட்டவ. இப்ப நான் புகழுற நெத்தலி அங்க தொடங்கினதுதான்.

குறை எண்டு பாத்தா, கொப்பிக் கணக்குக்கு இப்பவும் துண்டு தரமாட்டினம், நாங்களும் எழுதி வைக்கோணும், எனக்கு ஒருக்கா ரெண்டு தேங்காய் கூட எழுதுப்பட்டிருந்தது, சொன்ன உடன வெட்டிட்டினம். மழை நேரம் வாசலில தண்ணி நிக்கும், செருப்போட கவனம். காலாவதித் திகதி பார்த்து வாங்குங்க, பிஸ்கட் பக்கம் கொஞ்சம் பழசு கிடக்கும்.

புதுசாப் போறவையள் காலமை 6:30க்குப் பிறகு போங்க, மத்தியானம் 1 மணிக்கு மூடி 3:30க்குத் திறப்பினம், ஞாயிறு அரை நாள். தயிர்ச் சட்டி வியாழன் பின்னேரம் வரும், 5 மணிக்கு முதல் போகாட்டி கிடைக்காது. நீல பரல் இன்னும் வாசலிலதான் இருக்கு, சவுக்காரமும் அதே சிவப்பு வலைப்பைக்குள்ள, மீன் வாங்கிட்டு வாறவை கை கழுவிட்டுத்தான் உள்ள போறவை.