ஷ்டோலனா, லேப்கூகனா? ஜெர்மனியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வர எது தோது

போன டிசம்பரில் ஜெர்மனி போய்ச் சென்னை திரும்பும்போது பெட்டியில் இரண்டு கிலோவுக்குத்தான் இடம் மிச்சம். சாக்லேட் இங்கேயே கிடைக்கிறது. அந்தந்த ஊருக்கே உரிய பண்டமாக இருக்கட்டும் என்று டிரெஸ்டனில் ஒரு ஷ்டோலனும், நியூரம்பெர்கில் ஒரு டின் லேப்கூகனும் (மசாலா மணக்கும் மெத்தென்ற பிஸ்கட்) வாங்கினேன். இரண்டும் கிறிஸ்துமஸ் காலத்துப் பலகாரம், இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. இனி ஒன்றைத்தான் வாங்குவேன், அது லேப்கூகன்.

ருசியில் ஷ்டோலன் சளைத்ததல்ல. ரொட்டி வடிவத்தில், உலர் திராட்சையும் பாதாமும் சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த கனத்த பண்டம். மேலே பொடித்த சர்க்கரை. டிரெஸ்டன் ஷ்டோலன் என்று விற்க வேண்டுமானால் ஒரு கிலோ மாவுக்கு வெண்ணெய் அரை கிலோவாவது இருக்க வேண்டும், திராட்சை 650 கிராமாவது. பொன்னிற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆரம்பத்தில் இதில் வெண்ணெயே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பில் வெண்ணெய் விலக்கு என்பதால் எண்ணெயில்தான் செய்தார்கள். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனிப் பகுதியின் ஆட்சியாளர்கள் போப்பாண்டவருக்கு விண்ணப்பம் போட்டு, 1491-இல் அனுமதி வாங்கினார்கள். அப்படி மல்லுக்கட்டி வாங்கிய வெண்ணெய்தான் எனக்கு வினையானது.

வாங்கும்போது எல்லோரும் ருசியையும் விலையையும் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு அது எத்தனை நாள், எந்த நிலையில் இருக்கும் என்று பார்ப்பதில்லை. ஷ்டோலன் சுட்டதும் தின்கிற பண்டமில்லை. வாரக்கணக்கில் குளிர்ந்த இடத்தில் கிடந்து ஊறினால்தான் பக்குவம். மேலே பூசிய வெண்ணெயும் சர்க்கரையும்தான் அதற்குப் போர்வை. ஜெர்மன் வீட்டு நிலவறைக் குளிருக்கு அந்தப் போர்வை போதும். நம் கடலோரப் புழுக்கத்தில் மூன்றாம் நாளே சர்க்கரை கசிந்து பிசுபிசுத்தது. சரி என்று ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகி, துண்டு கட்டியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த தோசை மாவின் வாசனையையும் வாங்கிக்கொண்டது. வெட்டினாலும் தொல்லை. நடுவில் வெட்டித் துண்டு எடுத்துக்கொண்டு, மிச்ச இரண்டு பாதியையும் ஒட்டி வைத்தால் காயாது என்பது அங்கே சொல்லிக்கொடுத்த முறை. எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு முனையில் வெட்டினார்கள். பல ஷ்டோலன்களில் ரம்மில் ஊறிய திராட்சை வேறு இருக்கும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

லேப்கூகனில் இந்தப் பாடு எதுவும் இல்லை. உள்ளங்கை அகல வட்டங்கள், ஆளுக்கு ஒன்று, கத்தியே வேண்டாம். அதில் எலீசன் என்று போட்டிருப்பதுதான் உயர்ந்த ரகம்: பருப்பு வகை 25 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பாதாம், ஹேசல்நட் போன்றவற்றை இனிப்போடும் மசாலாவோடும் பிசைந்து, காகிதம் போன்ற மெல்லிய அப்பத்தின் மேல் வைத்துச் சுடுவார்கள். (பக்கத்து வீட்டுப் பெண் அதைக் காகிதமென்றே நினைத்து உரித்துக்கொண்டிருந்தாள். அதையும் தின்னலாம்.) வெண்ணெய் போட்டுப் பிசைவதில்லை என்பதால் உருக ஒன்றுமில்லை. தகர டின்னில் ஐந்து வாரம் வைத்திருந்தோம், கடைசி வட்டமும் மெத்தென்றே இருந்தது. காய்கிற மாதிரி தெரிந்தால் டின்னுக்குள் ஒரு ஆப்பிள் துண்டு போடச் சொல்வார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று நான் போடவில்லை.

வாசனையும் நமக்குப் பழகியதுதான். பட்டை, கிராம்பு, ஏலக்காய், கொத்தமல்லி. நியூரம்பெர்க் பழைய வணிக நகரம். வெனிஸ் வழியாக மசாலாவும், சுற்றியிருந்த காட்டிலிருந்து தேனும் அங்கே வந்து சேர்ந்தன. 1395-லேயே அந்த ஊரில் லேப்கூகன் சுடுபவர் இருந்ததற்குப் பதிவு உண்டு. எங்கள் அத்தை முதல் கடியில், "என்னடா, பிரியாணி மசாலா வாசம் அடிக்குது" என்றார். அப்புறம் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. முட்டை சேர்ப்பார்கள், சைவ வீட்டுக்கு ஆகாது. சாக்லேட் பூசிய வகை வெயிலில் ஷ்டோலன் கதைதான். வெறுமையாக இருப்பதையோ சர்க்கரை மினுக்குப் பூசியதையோ எடுங்கள். நான் கொண்டுவந்தது டிசம்பரில். மே மாதத்துக்கும் இதே உத்தரவாதம் தர மாட்டேன்.

லூபெக் ஊர் மார்சிபானையும் (பாதாம் அரைத்துச் செய்யும் இனிப்பு) ஆகன் ஊர் பிரின்டனையும் (லேப்கூகன் போன்ற மசாலா பிஸ்கட்) கேட்பீர்கள். மார்சிபான் ஒரே ஒரு தடவை வாங்கினேன், விமானத்திலேயே தீர்ந்துபோனது. பிரின்டனில் கெட்டி வகை நாள்பட நிற்கும், ஆனால் பல் வேண்டும். எங்கள் பாட்டி காபியில் முக்கித்தான் தின்றார்.

நியூரம்பெர்க் போனால் உடைந்த லேப்கூகனைப் பையில் போட்டு மலிவாக விற்பதைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அது போதும். கொடுப்பதற்கு மட்டும் படம் போட்ட தகர டின். எங்கள் டின்னில் இப்போது முறுக்கு இருக்கிறது.