டொம்கெட்டா, வைல்ட்ஃபிளையா, கிளாஸ்ஃபிஷ்ஷா: கொழுந்துக் கணக்குக்கு எது தோது?

ஹட்டன் பக்கம் ஜாவா படித்துவிட்டு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: அப்ளிகேஷனை எழுதியாச்சு, எந்த சர்வரில் ஏற்றுவது? மூன்றுமே ஓபன் சோர்ஸ், காசுப் பிரச்சினை இல்லை. தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுக்கும் கணக்கைப் பதிகிற அப்ளிகேஷன் ஒன்றை மூன்றிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

டொம்கெட் முழு அப்ளிகேஷன் சர்வர் இல்லை, வெப் பக்கங்களைத் தரும் ஜாவா நிரல்களான சர்வ்லெட்டையும் ஜேஎஸ்பியையும் ஓட்டும் கன்டெய்னர். ஈஜேபி (வணிக வேலைகளுக்கான ஜாவா பாகங்கள்), ஜேஎம்எஸ் (மெசேஜ் அனுப்பும் வசதி) எதுவும் கூட வராது. ஆனால் டவுன்லோட் 20 எம்பிக்குள் முடிந்துவிடும், பழைய மெஷினிலும் சட்டென்று எழும்பும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் இது பெரிய விஷயம். வார் ஃபைலை, அதாவது அப்ளிகேஷன் முழுவதையும் ஜிப்பாகக் கட்டிய ஃபைலை, வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால் தானாக ஏற்றிக்கொள்ளும், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு ராத்திரி போன் ஹாட்ஸ்பொட்டில் ஃபைலை அனுப்பிக்கொண்டிருக்கும்போது சிக்னல் பாதியில் அறுந்துவிட்டது, டொம்கெட் அந்தப் பாதி ஃபைலையே விரிக்கப் போய் லொக் முழுக்க ஜிப் எரர், விடிந்தால் காலை நிறுவைக்கு அப்ளிகேஷன் இல்லை. அதிலிருந்து முதலில் அதே டிஸ்கில் வேறு ஃபோல்டருக்கு அனுப்பி, முழுசாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் எம்வி கட்டளையால் உள்ளே நகர்த்துகிறேன்.

வைல்ட்ஃபிளை இந்த இடத்தில் கெட்டிக்காரன். டிப்ளொய்மென்ட்ஸ் ஃபோல்டரை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும், ஜிப் முழுமை இல்லாவிட்டால் தொடாது. ஏற்றி முடித்தால் பக்கத்திலேயே .deployed என்று ஒரு குட்டி ஃபைல் விழும், தோற்றால் .failed விழும், அதைத் திறந்தாலே காரணம் இருக்கும். ஜேபொஸ் என்ற பழைய பெயரை 2014இல் வந்த 8ஆம் பதிப்போடுதான் மாற்றினார்கள். மெசேஜ் கியூ (மேலே சொன்ன ஜேஎம்எஸ்) வேண்டுமென்றால் standalone-full.xml கொண்டு எழுப்ப வேண்டும், சும்மா எழுப்பினால் அது இருக்காது, இதில்தான் புதிதாக வருபவர்கள் ஒருநாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மெமரி கொஞ்சம் அதிகமாகவே கேட்கும்.

கிளாஸ்ஃபிஷ் படிப்பதற்கு நல்லது, 4848 போர்ட்டில் அட்மின் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே செய்யலாம். வணிக ஆதரவை நிறுத்துவதாக 2013இல் ஒரக்கிள் அறிவித்தது, இப்போது எக்லிப்ஸ் அமைப்பின் கையில் இருக்கிறது. நான் இதைத் தோட்டத்து வேலைக்கு வைக்கவில்லை.

எங்கள் கணக்குக்கு டொம்கெட்தான். முக்கிய காரணம் ஒன்று: வார் பெயரில் ##002 என்று சேர்த்துப் போட்டால் பழைய வேர்ஷனும் புதுசும் ஒரே நேரத்தில் ஓடும். தராசடியில் கூடையோடு வரிசையில் அக்காமார் நிற்கும்போது நிறுவை பதிகிறவரை வெளியே தள்ளாது, அவர் பழையதிலேயே தொடரலாம், புதிதாக லொகின் ஆகிறவர்கள் மட்டும் புதியதற்குப் போவார்கள். செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள் பதிவேடு), சம்பளம் என்று ஒரே ட்ரான்ஸாக்ஷனில் இரண்டு டேட்டாபேஸைத் தொட வேண்டி வந்தால், டொம்கெட்டில் அந்த வசதி கூட வராததால், அன்றைக்கு வைல்ட்ஃபிளைக்கு மாறுவேன், அதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. டொம்கெட் 10 முதல், சர்வ்லெட் போன்றவற்றுக்குக் கோட்டில் எழுதும் javax பேக்கேஜ் பெயர்கள் jakarta ஆகிவிட்டன. பழைய வார் இருந்தால் வெப்ஆப்ஸில் போடாமல் webapps-javaee ஃபோல்டரை உருவாக்கி அதில் போடுங்கள், மாற்றி எடுத்துக்கொள்ளும்.